வீடு கட்டும்போதே கரியமில வாயுவைக் குறைக்க முடியுமா?

சோலார் பேனல், எல்இடி விளக்கு எல்லாம் குடிபுகுந்த பிறகு உதவுபவை. நீங்கள் கேட்பது கட்டும்போதே வெளியேறும் வாயுவைப் பற்றி. அதில் முதலில் பார்க்க வேண்டியது சிமென்ட்.

சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுமார் 1450 டிகிரியில் சுட்டுத்தான் கிளிங்கர், அதாவது அரைத்தால் சிமென்ட் ஆகும் கட்டி, எடுக்கிறார்கள். எரிபொருள் புகை ஒரு பக்கம் இருக்கட்டும்; சுடும்போது அந்தக் கல்லின் எடையில் சுமார் 44 சதவீதம் கரியமில வாயுவாகவே போய்விடுகிறது. சூளையைச் சூரிய சக்தியில் ஓட்டினாலும் இது நிற்காது. ஆகவே கிளிங்கர் குறைவான சிமென்ட் வேண்டும்.

கடையில் பிபிசி (PPC, சாம்பல் கலந்த சிமென்ட்) என்று கேளுங்கள். அதில் 15 முதல் 35 சதவீதம் அனல்மின் நிலையச் சாம்பல். சாம்பல் கலக்காத சாதாரண சிமென்ட்டான ஓபிசியை (OPC) விட விலையும் பெரும்பாலும் குறைவு. "சாம்பல் கலந்தது, பலம் வராது" என்று யாராவது சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆரம்பத்தில் மெதுவாக இறுகும், அவ்வளவுதான். ஓபிசிக்கு 7 நாள் தண்ணீர் விட்டால் இதற்கு 10 நாளாவது விட வேண்டும். சென்ட்ரிங் பிரிக்கவும் அவசரப்படக் கூடாது.

அப்புறம் சுவர். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு (rat-trap bond) முறையில், செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவார்கள். செங்கல் கிட்டத்தட்ட கால்வாசி மிச்சம். வெக்கையும் குறைவாக இறங்கும். பழகிய கொத்தனார் கிடைப்பதுதான் பாடு.

கம்பி விஷயத்தில், "எதற்கும் இருக்கட்டும்" என்று கூடுதலாகப் போடாமல் கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடத்தை அப்படியே பின்பற்றுங்கள்.