தராசைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: சிட்னியில் வசிக்கிறோம். போன மாதம் வாங்கிய சமையலறை டிஜிட்டல் தராசின் அடி மூடி நகத்தால் நெம்பினாலே கழன்றுவிடும். அதிலிருந்த பட்டன் பேட்டரியை எங்கள் இரண்டு வயது மகள் விழுங்கிவிட்டாள். எண்டோஸ்கோப்பி செய்து எடுத்தார்கள், உணவுக்குழாயில் புண். கடைக்காரரோ, "பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நீங்கள்தானே" என்கிறார். தராசைக் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் பணம் தருகிறாராம். சம்மதிக்கலாமா?

பதில்: கூடாது. அந்தத் தராசுதான் உங்கள் முதல் சாட்சி. அதையும் பெட்டி, ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். மூடி எப்படிக் கழல்கிறது என்பதை வீடியோ எடுங்கள். பசை, டேப் எதையும் ஒட்டாதீர்கள். வெளியே எடுத்த பேட்டரி எங்கே என்று மருத்துவமனையில் கேளுங்கள்.

நீங்கள் கவனிக்கவில்லை என்று சொல்லிக் கடைக்காரர் இதில் தப்பிக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூன் 22 முதல், பட்டன் பேட்டரி உள்ள பொருட்களில் பேட்டரி அறையைச் சிறு குழந்தைகள் திறக்க முடியாதபடி செய்திருக்க வேண்டும். எச்சரிக்கையும் அச்சிட்டிருக்க வேண்டும். எந்தப் பிள்ளையையும் நாள் முழுக்கக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காக்க முடியாது என்று தெரிந்துதான் இந்தப் பொறுப்பை விற்பவர் தலையில் வைத்தார்கள். தொண்டையில் சிக்கிய பேட்டரி இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துவிடும்.

நடந்ததைக் கடைக்காரருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். பலத்த காயம் என்று தெரிந்த 2 நாளுக்குள் அவர் அரசுக்கு அறிவித்தாக வேண்டும். தயாரித்தவர் யார், இறக்குமதி செய்தவர் யார் என்றும் அதிலேயே கேளுங்கள். 30 நாளுக்குள் அவர் சொல்லாவிட்டால் சட்டம் அவரையே தயாரிப்பாளராகக் கருதும். ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையத்திலும் (ACCC) நீங்களே புகார் கொடுங்கள். அதே தராசு இன்னும் பல வீடுகளில் இருக்கும்.

அப்புறம் அந்தக் கையெழுத்து. அந்தத் தாள் இனி வழக்குப் போடமாட்டோம் என்ற சமரசமாக இருக்கலாம். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் குழந்தையின் நஷ்டஈட்டு வழக்கைச் சமரசம் செய்ய நீதிமன்ற ஒப்புதல் வேண்டும். எதிலும் கையெழுத்துப் போடாமல் காயங்களுக்கான நஷ்டஈட்டு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டுதான். குழந்தை மைனர்தானே என்று தள்ளிப்போட வேண்டாம்.

சட்டத்துக்கு வெளியே ஒன்று. பேட்டரியை எடுத்த பிறகும் சில வாரங்கள் வரை உள்ளே ரத்தக்கசிவு வரலாம். வாந்தியில் ரத்தம், கறுப்பாக மலம், சாப்பிட மறுப்பது, இதில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.