சார்ல்ஸ்டன் கடற்கரையில் 4 நாள்: கோல்ஃப் ஆட்டமும் குடும்பச் சாப்பாடும்

கேள்வி: நாங்கள் வட கரோலினாவின் சார்லட் நகரில் வசிக்கிறோம். வரும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் என் கணவருக்கு 50 வயது நிறைவடைகிறது. 4 ஆண்டுகளாகக் கோல்ஃப் ஆடிவரும் அவர், பிறந்தநாளை ஒட்டிக் கிடைக்கும் 4 நாள் விடுமுறையில் தெற்குக் கடற்கரைக்குச் சென்று நாளுக்கொரு மைதானத்தில் ஆட ஆசைப்படுகிறார். எனக்கு அந்த ஆட்டம் தெரியாது. திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் என் மாமியார் சுத்த சைவம். நாங்கள் இருவரும் அசைவம் சாப்பிடுவோம். மர்ட்டில் பீச், சார்ல்ஸ்டன், ஹில்டன் ஹெட் ஆகிய மூன்றில் எங்கே போகலாம்? அவருக்கு ஆட்டமும் வேண்டும், மூவரும் சேர்ந்து உட்கார்ந்து நல்ல சாப்பாடு சாப்பிடவும் வேண்டும். இரண்டும் நடக்குமா?
— வாசகி, சார்லட்

பதில்: அன்புள்ள சகோதரி, இரண்டும் நடக்கும், ஆனால் 4 நாளில் 4 ஆட்டம் என்றால் நடக்காது. 18 குழிகளையும் ஆடி முடிக்க நாலரை மணி நேரம் ஆகும். அதற்கு முன் மைதானத்திற்குப் போய்ச் சேரும் நேரத்தையும், பயிற்சிப் பந்துகள் அடிக்கும் நேரத்தையும், திரும்பி வந்து குளித்து ஓய்வெடுக்கும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால், ஓர் ஆட்டம் பகலில் 7 மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். இதை நாள் தவறாமல் செய்பவர் மாலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். ஆகவே, இரண்டு நல்ல ஆட்டங்கள் போதும் என்று அவரிடம் அன்போடு சொல்லிச் சம்மதிக்க வையுங்கள். அந்த இரண்டும் எவை என்பதை அவர் நெடுநாள் நினைத்துக்கொண்டிருக்கும்படி தேர்ந்தெடுத்துவிடலாம்.

இடத்தைப் பொறுத்தவரை என் விடை சார்ல்ஸ்டன்தான். மர்ட்டில் பீச்சைச் சுற்றிப் பல பத்து மைதானங்கள் இருக்கின்றன, கட்டணமும் அங்கே ஒப்பீட்டளவில் குறைவு. நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து போய் காலையும் மாலையும் ஆடுவதற்கு அது ஏற்ற ஊர். ஹில்டன் ஹெட் தீவின் ஹார்பர் டவுன் மைதானத்தைப் பீட் டை என்ற வடிவமைப்பாளர் கோல்ஃப் வீரர் ஜேக் நிக்லாஸின் துணையோடு அமைத்தார். 1969இல் அங்கே நடந்த முதல் போட்டியில் ஆர்னால்ட் பால்மர் வென்றார். கடைசிக் குழியின் பின்னால் நிற்கும் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கத்தை உங்கள் கணவர் தொலைக்காட்சியில் கட்டாயம் பார்த்திருப்பார். அழகான தீவுதான், ஆனால் அங்கே பெரும்பாலும் விடுதிகளும் அவற்றைச் சார்ந்த கடைகளுமே இருப்பதால், ஆடாத இருவருக்கு இரண்டாம் நாளே பார்க்கவேண்டியது தீர்ந்துவிடும். சார்ல்ஸ்டன் உங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ 200 மைல், காரில் மூன்றரை மணி நேரம். கோல்ஃப் ஆட்டத்தின் அமெரிக்க வரலாறும் இந்த ஊரிலிருந்தே தொடங்குகிறது: ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்திலிருந்து 96 மட்டைகளும் 432 பந்துகளும் இங்கே கப்பலில் வந்ததற்கு 1743ஆம் ஆண்டின் பதிவு இருக்கிறது, 1786இல் இங்கே ஒரு கோல்ஃப் சங்கமும் அமைந்தது.

முதல் ஆட்டம், சந்தேகமே இல்லாமல், கியாவா தீவின் ஓஷன் கோர்ஸ். சார்ல்ஸ்டனிலிருந்து சுமார் 25 மைல் தூரம்தான் என்றாலும் சாலை குறுகலானது என்பதால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்; தீவின் கிழக்கு முனைவரை போகவேண்டும் என்பதால் இன்னும் கால் மணி நேரம் சேர்த்துக்கொள்வது நல்லது. இதுவும் பீட் டை அமைத்த மைதானமே. முதலில் மணற்குன்றுகளுக்குப் பின்னால் தாழ்வாகத் திட்டமிடப்பட்டிருந்ததை, ஆடுபவர்களுக்குக் கடல் தெரியும்படி உயர்த்தச் சொன்னவர் அவருடைய மனைவி ஆலிஸ் டை. அவரும் தேர்ந்த கோல்ஃப் வீராங்கனை. இன்று 10 குழிகள் அட்லாண்டிக் கரையை ஒட்டியே செல்வதற்கு அந்த யோசனை ஒரு காரணம். காற்று தடையின்றி வீசி ஆட்டத்தைக் கடினமாக்குவதற்கும் அதுவே காரணம். அமெரிக்க, ஐரோப்பிய அணிகள் மோதும் ரைடர் கோப்பை 1991இல் இங்கே நடந்தபோது, அதன் கடைசி ஆட்டத்தில், கடைசிக் குழியில், ஜெர்மானியரான பெர்ன்ஹார்ட் லாங்கர் 6 அடித் தூரத்திலிருந்து தட்டிய பந்து குழிக்குள் விழாமல் போனதால் அமெரிக்கா 14½–13½ என்ற கணக்கில் வென்றது. 2021 மே மாதத்தில் இதே மைதானத்தில் ஃபில் மிக்கெல்சன் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 50. கோல்ஃபின் நான்கு பெரும்போட்டிகளுள் ஒன்றை வென்றவர்களில் மிக மூத்தவர் அவரே. 50ஆவது பிறந்தநாளுக்கு இதைவிடப் பொருத்தமான புல்தரை எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இரண்டு விஷயங்களில் கவனமாக இருங்கள். கட்டணம் பல நூறு டாலர். மட்டைப் பையைச் சுமந்து ஆலோசனை சொல்லும் உதவியாளரான கேடியின் ஊதியமும் அன்பளிப்பும் அதற்கு மேல். அங்கேயே தங்குபவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்பதால், வெளியிலிருந்து வருபவர்களுக்கு எந்த நேரம் கிடைக்கும் என்பதைத் தங்குமிடத்திற்குப் பணம் கட்டுவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள். அடுத்தது, மிக்கெல்சன் வென்ற ஆண்டில் 7,876 கெஜம் நீண்டிருந்த மைதானம் இது. 4 ஆண்டு ஆடியவர் கௌரவத்திற்காகப் பின்பக்க டீயிலிருந்து (ஒவ்வொரு குழிக்கும் முதல் பந்தை அடிக்கும் இடம்தான் டீ) அடிக்கக் கிளம்பினால் பையில் உள்ள பந்தெல்லாம் சதுப்பு நிலத்திற்குத்தான் போகும். முன்பக்க டீயிலிருந்து ஆடச் சொல்லுங்கள். கேடி எந்த டீயைச் சொல்கிறாரோ அதைக் கேட்பதே நல்லது.

இரண்டாவது ஆட்டத்திற்கு அதே தீவில் இன்னொரு விலையுயர்ந்த மைதானத்தைத் தேடவேண்டாம். ஜேம்ஸ் தீவில் 1929இல் திறக்கப்பட்ட சார்ல்ஸ்டன் நகராட்சி மைதானம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை 'மியூனி' என்றே அழைப்பார்கள். கறுப்பின மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த அந்தப் புல்தரை, வழக்குத் தொடுத்துப் போராடியவர்களால் 1961இல் எல்லோருக்கும் திறந்தது. 2020இன் இறுதியில் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். கட்டணம் ஓஷன் கோர்ஸின் அருகில்கூட வராது, நகரத்திலிருந்து சிறிது நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். அறிமுகமில்லாத உள்ளூர்க்காரர் மூவரோடு சேர்ந்து ஆட நேர்ந்தால் அதை நல்ல வாய்ப்பாகவே கொள்ளுங்கள். எந்த உணவகத்திற்குப் போகலாம் என்று கேட்க அவர்களைவிடத் தகுந்தவர்கள் யார்?

அக்டோபர் என்பதால் சில எச்சரிக்கைகள். அந்த வாரத்தில் மாலை 6.45 மணி அளவில் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே கட்டணம் குறையும் பிற்பகல் நேரத்தை நம்பி 3 மணிக்குத் தொடங்கினால் 18 குழிகளையும் முடிக்க முடியாது. புயல் காலம் நவம்பர் 30 வரை நீடிக்கிறது என்பதால், பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் மட்டுமே பதிவு செய்யுங்கள். குளிர்காலத்துக்கான புல் விதைக்கும் பணி சில மைதானங்களில் இக்காலத்தில் நடக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். குளத்தோரம் விழுந்த பந்தை எடுக்க ஒருபோதும் குனியவேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள். அந்தக் குளங்களில் முதலைகள் இருக்கின்றன.

அவர் ஓஷன் கோர்ஸில் ஆடும் வேளையில் நீங்களும் மாமியாரும் ஜான்ஸ் தீவில் ஏஞ்சல் ஓக் மரத்தடிக்குப் போகலாம். சுமார் 65 அடி உயரமே உள்ள அந்தக் கருவாலி மரம், ஏறத்தாழ 17,000 சதுர அடிக்கு நிழல் பரப்பித் தன் கிளைகளைத் தரையில் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. ஆலமரங்களைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு அந்த இடம் உடனே பிடித்துப்போகும். கடலைப் பார்க்க வேண்டுமானால், கியாவாவின் காவல் வாயிலுக்கு வெளியிலேயே பொதுமக்களுக்கான பீச்வாக்கர் பூங்கா இருக்கிறது.

இனிச் சாப்பாட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் முதலில் நினைத்தது உங்கள் மாமியாரைத்தான். தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளையும் மாவட்டத்திலிருந்து வந்தவருக்கு இந்த ஊர் அந்நியமாக இராது. ஆஷ்லி, கூப்பர் ஆறுகளின் ஓரமாகக் கடல் ஏற்றத்தைப் பயன்படுத்தி மதகு வைத்து நீர் பாய்ச்சி நெல் விளைத்த நிலம் இது. அந்தத் தொழில்நுட்பத்தையும் உழைப்பையும் தந்தவர்கள், மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் பகுதிகளிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட மக்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களான கல்லா கீச்சி மக்களின் சமையலே இன்று இந்தக் கடற்கரையின் சமையல் என்று பெயர் பெற்றிருக்கிறது. வெண்டைக்காய், காராமணி, எள் மூன்றும் அவர்களோடு வந்தவை. எள்ளுக்கு இங்கே 'பென்னே' என்று பெயர்; எள்ளும் சர்க்கரையும் சேர்த்துச் சுட்ட மெல்லிய பென்னே வில்லைகளில் வழக்கமாக முட்டையும் சேரும் என்பதால், முட்டை சேராதவை கிடைத்தால் மட்டும் மாமியாருக்குக் கொடுங்கள். காராமணியும் சோறும் சேர்ந்தது ஹாப்பின் ஜான். தக்காளியில் வேகும் சிவப்புச் சோற்றைப் பார்த்தால் நம் தக்காளிச் சாதம் நினைவுக்கு வரும். கிரிட்ஸ் என்பது மக்காச்சோள நொய்யில் காய்ச்சிய கெட்டிக் கஞ்சி.

ஆனால் இங்கேதான் நீங்கள் மிகவும் விழிப்பாக இருக்கவேண்டும். பெயரைக் கேட்டால் சைவம்போல் தோன்றும் இந்தப் பண்டங்களில் பெரும்பாலானவற்றில் பன்றி இறைச்சி ஒளிந்திருக்கும். கீரையைப் பன்றிக் காலெலும்போடு வேகவைப்பது வழக்கம். ஹாப்பின் ஜானிலும் சிவப்புச் சோற்றிலும் பேக்கனோ தொத்திறைச்சியோ சேரும். வெண்டைக்காய் சூப்புக்கு எலும்புச் சாறு. கிரிட்ஸைக்கூடச் சிலர் கோழிச் சாற்றில் காய்ச்சுவார்கள். சைவம் சாப்பிடும் என் உறவினர் ஒருவரை ஓர் உணவகத்திற்கு அழைத்துப் போய், காய்கறித் தட்டு என்று எழுதியிருந்ததை நம்பி வரவழைத்தேன். பாதி சாப்பிட்ட பிறகு கீரைக்குள் இறைச்சித் துண்டு கிடந்ததைப் பார்த்து அவர் கரண்டியை வைத்துவிட்டு எழுந்துபோனார். கேட்காமல் விட்டது என் பிழை, இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது. "இது சைவமா?" என்று மட்டும் கேட்டால் தெளிவான பதில் கிடைக்காது. "இதில் இறைச்சியோ, இறைச்சிச் சாறோ, பன்றிக் கொழுப்போ சேர்ந்திருக்கிறதா, மீன் பொரித்த அதே எண்ணெயில் பொரிக்கிறீர்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர்கள் பொறுமையாகவே பதில் சொல்வார்கள்.

இந்தக் காரணத்தாலேயே விடுதி அறையைவிடச் சமையலறை உள்ள வீட்டை வாடகைக்கு எடுப்பது நல்லது என்கிறேன். நவம்பர் வரை சனிக்கிழமைக் காலைகளில் மேரியன் சதுக்கத்தில் உழவர் சந்தை கூடுகிறது. உங்கள் பயணத்தில் ஒரு சனிக்கிழமை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கொழிந்துபோய் 1980களில் மீண்டும் பயிரிடப்பட்ட 'கரோலினா கோல்ட்' அரிசியை ஒரு பை வாங்கி, சந்தைக் காய்கறிகளோடு மாமியார் ஒரு வேளை சமைக்கட்டும். மியூனியில் ஆடிவிட்டு வரும் மகனுக்கு மதியச் சாப்பாடு அதுவாக இருக்கட்டும்.

பிறந்தநாள் இரவுக்கு நகரத்தில் ஃபிக் அல்லது ஹஸ்க் உணவகத்தில் பல வாரங்களுக்கு முன்பே இடம் பதிவு செய்யுங்கள். ஃபிக் 2003இலும் ஹஸ்க் 2010இலும் தொடங்கியவை. இரண்டும் அருகிலுள்ள பண்ணைகளின் விளைச்சலை வைத்துச் சமைப்பவை என்பதால், பதிவு செய்யும்போதே எலும்புச் சாறு சேராத சைவ உணவு ஒருவருக்கு வேண்டும் என்று சொன்னால் ஏற்பாடு செய்துகொள்ள அவர்களுக்கு அவகாசம் கிடைக்கும். உங்கள் இருவருக்கும் இறால் கிரிட்ஸும், நண்டு முட்டை சேர்த்த ஷீ கிராப் சூப்பும் எங்கே கிடைத்தாலும் தவறவிடவேண்டாத பண்டங்கள். ஃபாலி தீவுக்குப் போகும் வழியில் சதுப்பு நிலத்தைப் பார்த்தபடி நிற்கும் போவன்ஸ் ஐலண்ட் உணவகத்தில், ஈரச் சாக்கால் மூடி வேகவைத்த சிப்பிகளை மேசையில் கொட்டித் தருவார்கள். அக்டோபர் மாதம் சிப்பிப் பருவம் தொடங்கிவிட்ட காலம். அங்கே மாமியாருக்கு ஏற்ற உணவு அதிகம் கிடைக்காது என்பதால், அவருக்கு வீட்டில் சாப்பாடு கொடுத்துவிட்டு, சூரியன் மறையும் நேரத்திற்கு மூவரும் சென்று உட்காருங்கள். ஆட்டம் இல்லாத நாளின் மாலையை அதற்கு வைத்துக்கொண்டால் கணவர் களைப்பில்லாமல் இருப்பார்.

நாட்களை இப்படி அடுக்கலாம்: வெள்ளி பிற்பகல் வந்து சேர்ந்து மாலையில் போவன்ஸ் ஐலண்ட், சனிக்கிழமை காலை அவர் மியூனிக்கும் நீங்கள் சந்தைக்கும், ஞாயிறு ஆட்டமே வேண்டாம், நகரத்தைச் சுற்றிப் பாருங்கள், திங்கள் காலை ஓஷன் கோர்ஸ் ஆடி முடித்து அங்கிருந்தே வீடு திரும்பலாம். பிறந்தநாள் விருந்தைச் சனிக்கிழமை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு, திங்களில் பல நல்ல உணவகங்கள் மூடியிருக்கும். திரும்பும் வழியில் சாலையோரக் கடைகளில் உப்பு நீரில் அவித்த நிலக்கடலை விற்பார்கள்; 2006 முதல் அது தென் கரோலினா மாநிலத்தின் அதிகாரபூர்வ நொறுக்குத் தீனி. மசாலா சேர்க்காத, வெறும் உப்பில் அவித்ததாகக் கேட்டு வாங்கி மாமியாரிடம் கொடுங்கள். பையில் நீர் நிற்கும் என்பதால் ஒரு பாத்திரத்தையும் காரில் வைத்துக்கொள்ளுங்கள்.