முட்டை விலை தெரியாத காதல்

கேள்வி: சமீபத்தில் ஒரு சரித்திரக் காதல் நாவல் படித்தேன். 1850 வாக்கில், கலிபோர்னியாவின் தங்கவேட்டைக் காலத்தில் நடக்கிறது. சிறுமியாக விற்கப்பட்டு விலைமாதர் விடுதியில் வளர்ந்த பெண்ணை, கடவுள் சொன்னார் என்று ஒரு விவசாயி மணந்துகொள்கிறான். அவள் ஓடிப்போகிறாள். அவன் பொறுமையாக மறுபடி மறுபடி அழைத்துவருகிறான். கடைசியில் அவள் தன் மதிப்பை உணர்கிறாள். பைபிளில் வரும் ஓசியா தீர்க்கதரிசியின் கதையைத் தழுவியதாம். படித்து அழுதேன். ஆனால் ஏதோ உறுத்துகிறது. இது காதலா, கொடுமையின் இன்னொரு வடிவமா? பதினேழு வயதாகும் என் அக்கா மகளுக்கு இதைக் கொடுக்கலாமா?
(பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகி)

பதில்: சரித்திரக் காதல் நாவல் என்கிறீர்கள். காதலுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் சரித்திரம். அந்தக் கதையில் ஒரு முட்டை என்ன விலை?

சிரிக்காதீர்கள். இந்த வகைக் கதைகளை மூட்டை மூட்டையாகப் படித்தவன் கேட்கிறேன். கதாநாயகி முதல் நாள் காலையில் கண் விழிப்பாள், அடுப்புப் பக்கமிருந்து வாசனை வரும், கதாநாயகன் முட்டை பொரித்துக்கொண்டிருப்பான். அந்த முட்டையின் விலையைச் சொன்ன நாவலாசிரியரை நான் இன்னும் சந்திக்கவில்லை. 1849-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு முட்டை ஒரு டாலர் வரை விற்றது. சுரங்க முகாம்களுக்குப் போனால் மூன்று டாலர் வரை ஏறும். தங்கத்தூள்தான் காசு. கடைக்காரர் உங்கள் பைக்குள் இரண்டு விரலை விட்டு ஒரு சிட்டிகை எடுத்தால் அது ஒரு டாலர். கட்டைவிரல் தடித்தவனுக்குச் சாராயக் கடையில் உடனே வேலை கிடைத்தது என்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் மூன்று முட்டையைப் பொரித்து ஒரு பெண்ணின் தட்டில் வைத்தால், அதற்கு மேல் அவன் காதல் வசனம் பேச வேண்டிய அவசியமே இல்லை.

கோழி போதாமல், சான்பிரான்சிஸ்கோவுக்கு மேற்கே கடலில் இருக்கும் ஃபாரலோன் தீவுகளுக்குப் படகெடுத்துப் போனார்கள். 1849-இல் ராபின்சன் என்ற மனிதரும் அவர் மைத்துனரும் அங்கே பாறைகளில் ஏறி, முர் என்ற கடற்பறவையின் முட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள். திரும்பும் வழியில் அலையில் பாதி உடைந்துபோனது. மிச்சத்தை விற்றே 3000 டாலர் பார்த்தார்கள். அப்புறம் முட்டை எடுப்பதற்கென்றே கம்பெனி வந்தது, போட்டி வந்தது, 1863-இல் துப்பாக்கிச் சண்டையே நடந்து உயிர்ச்சேதமும் ஆனது. வரலாற்றில் அதற்கு முட்டைப் போர் என்றே பெயர். இத்தனை இருக்க, நம் நாவலாசிரியர்கள் அஸ்தமனச் சூரியனுக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்குகிறார்கள். சூரியன் அன்றைக்கும் இலவசம்தான்.

சட்டையையும் விட்டுவைக்க முடியாது. அட்டைப்படத்தில் கதாநாயகன் வெள்ளை வெளேரென்று நிற்பான். தங்கவேட்டையின் ஆரம்ப நாட்களில் துவைக்க ஆள் கிடைக்காமல், அழுக்குத் துணியைக் கப்பலேற்றி ஹவாய்க்கும் சீனாவுக்கும் அனுப்பினார்கள். திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். ஆக, அந்தச் சட்டை சீனாவின் கான்டன் துறைமுகம் வரை போய் வந்த சட்டை. அவளைத் தேடி இரவெல்லாம் மழையில் சவாரி போகும் காட்சியில் எனக்கு அந்தச் சட்டையைப் பற்றித்தான் கவலை.

இதையெல்லாம் முன்பொரு முறை எழுதியதற்கு, விமர்சக நண்பர் ஒருவர் என்னைக் கணக்குப்பிள்ளை என்று திட்டினார். காதலை ரசிக்கத் தெரியாமல் மளிகைச் சிட்டை கேட்கிறேனாம். அவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். இந்த வகைக் கதையில் விலை சொல்லப்படும் பொருள் ஒன்றே ஒன்றுதான். அது கதாநாயகி. விடுதியில் அவளோடு அரை மணி நேரம் இருக்க எத்தனை அவுன்ஸ் தங்கம், அவளை வெளியே கொண்டுவர எத்தனை அவுன்ஸ் என்று கச்சிதமாக எழுதிவிடுவார்கள். ரொட்டிக்கு விலை இல்லை, துவைப்புக்குக் கூலி இல்லை, அறைக்கு வாடகை இல்லை. அப்படி ஓர் உலகத்தில் அந்தப் பெண் தன் மதிப்பை எதை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பாள்? தன்னை வாங்கியவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிஜ கலிபோர்னியாவில் லூசினா வில்சன் என்று ஒரு பெண் இருந்தார். 1849-இல் கணவனோடும் குழந்தைகளோடும் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தவர். சாக்ரமெண்டோவுக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டு பிஸ்கட் சுட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு சுரங்கத் தொழிலாளி வந்து அதற்கு ஐந்து டாலர் தருகிறேன் என்றான். அவர் திகைத்துப்போய்ப் பேசாமல் நின்றார். விலை போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தவன் பத்து டாலராக உயர்த்தினான். பின்னால் நெவாடா சிட்டியில் பலகை வாங்கி, மேஜை அடித்து, சாப்பாட்டுக் கடை போட்டார். அன்று இரவு கணவன் திரும்பி வந்தபோது இருபது பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், தலைக்கு ஒரு டாலர். சீக்கிரமே கணவனையும் தொழிலில் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டேன் என்று பிற்காலத்தில் மகளிடம் சொல்லி எழுதவைத்த நினைவுக் குறிப்பில் போகிற போக்கில் சொல்கிறார். அந்த ஒரு வரிக்கு நான் பத்துக் காதல் நாவல்களைத் தருவேன்.

சட்டமும் வேடிக்கையானது. 1849-இல் மான்டெரேயில் கூடி மாநிலத்துக்கு அரசியல் சட்டம் எழுதினார்கள். கல்யாணத்துக்கு முன்பே பெண்ணிடம் இருந்த சொத்தும், பின்னால் பரிசாகவோ வாரிசுரிமையாகவோ வந்த சொத்தும் அவளுக்கே சொந்தம் என்று ஒரு பிரிவு வந்தது. மெக்சிகோ ஆட்சிக்காலச் சட்டத்தில் ஏற்கெனவே இருந்ததுதான். ஹென்றி ஹாலெக் எழுந்தார். பின்னாளில் லிங்கனின் படைத்தலைவர் ஆனவர், அப்போது பிரம்மச்சாரி. எனக்கு இன்னும் கல்யாணமாகவில்லை, சொத்துள்ள பெண்களைக் கலிபோர்னியாவுக்கு வரவழைக்க இதைவிட நல்ல வழி கிடையாது, ஆகவே ஆதரிக்கிறேன் என்றார். சார்ல்ஸ் பாட்ஸ் எதிர்த்தார். பெண்ணைக் கடவுள் மென்மையாகவும் சார்ந்து வாழ்பவளாகவும் படைத்திருக்கிறார், அவளுக்குக் கணவனைவிடச் சட்டம் பெரிய காவலா என்பது அவர் கட்சி. பாட்ஸ் தோற்றார். ஆனால் நாவல்களில் அவர்தான் இன்றுவரை ஜெயித்துக்கொண்டிருக்கிறார். 1851-இல் அங்கே வந்த விவாகரத்துச் சட்டத்தில் கடுங்கொடுமையும் ஒரு காரணமாக இடம்பெற்றது. எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று சொல்லவில்லை. மனைவி சம்பாதித்தது பொதுச்சொத்து, அதை ஆள்வது கணவன்தான். ஆனாலும் நாவலில் இருப்பதுபோல விடுதி, கணவன் வீடு என்று இரண்டே கதவு உள்ள ஊராக அது இருக்கவில்லை.

கதவே இல்லாதவர்கள் இருந்தார்கள். இந்தக் கதைகள் அவர்கள் பக்கம் திரும்புவதில்லை. 1850-இல் அடிமை முறை இல்லாத மாநிலமாக அமெரிக்க யூனியனில் சேர்ந்த அதே கலிபோர்னியா, அதே வருடம் ஒரு சட்டம் போட்டு, பூர்வகுடிக் குழந்தைகளை வெள்ளையர் வீடுகளில் கட்டாய வேலைக்கு எழுதிக் கொடுக்க வழி செய்தது. குழந்தை பிடிக்கிற கும்பல்கள் கிளம்பின. சீனாவிலிருந்து சிறுமிகள் வாங்கி வரப்பட்டார்கள். சிறுவயதில் விற்கப்பட்டவள் என்று அழவைக்கிற ஆசிரியர், பொன்னிறக் கூந்தல் உள்ளவளை மட்டும் ஏன் பொறுக்கியெடுக்கிறார் என்பது எனக்குப் பழைய சந்தேகம்.

பக்தியைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சீனச் சிறுமிகளுக்காக 1874-இல் சான்பிரான்சிஸ்கோவில் இல்லம் தொடங்கியவர்கள் பிரஸ்பிட்டேரியன் என்ற கிறிஸ்தவ சபைப் பெண்கள். பின்னால் டொனால்டினா கேமரன் அங்கே பல்லாண்டுகள் உழைத்தார். அவருக்கு வலது கையாக இருந்தவர் டியன் ஃபூ வூ. சூதாட்டக் கடனுக்காகத் தகப்பனால் விற்கப்பட்டு, அதே இல்லத்தால் மீட்கப்பட்டவர். வளர்ந்தபின் மொழிபெயர்ப்பாளராக, மற்றப் பெண்களை மீட்கும் வேலைக்குத் தானே போனார். அவர் கதையில் குதிரையில் யாரும் வரவில்லை.

சரி, ஓசியா. என் சண்டையே இங்கேதான். அந்தச் சிறிய புத்தகத்தில் தீர்க்கதரிசி கணவன், கோமேர் மனைவி. கோமேர் தன் வாயால் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மனைவி சொன்னதாக வருவதையெல்லாம் கணவன் குரல்தான் சொல்கிறது. இரண்டாம் அதிகாரத்தில் அந்தக் கணவன், உன்னைத் துகிலுரிந்து நிறுத்துவேன், உன் வழியை முள்ளால் அடைப்பேன் என்கிறான். கொஞ்சம் தள்ளி, வனாந்தரத்துக்கு அழைத்துப்போய் அவளோடு அன்பாகப் பேசுவேன் என்கிறான். மூன்றாம் அதிகாரத்தில் பதினைந்து வெள்ளிக்காசும் வாற்கோதுமையும் கொடுத்து ஒரு பெண்ணை வாங்குகிறார் ஓசியா. ராத்திரி அடித்துவிட்டுக் காலையில் மல்லிகைப்பூவோடு வருகிற புருஷன் நினைவுக்கு வந்தால் அது உங்கள் குற்றமில்லை. ரெனிட்டா வீம்ஸ் என்ற அமெரிக்க பைபிள் அறிஞர் 1995-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

தீர்க்கதரிசிக்கு அது ஒரு தேசத்தைப் பற்றிய உருவகம். கணவன் கடவுள், மனைவி இஸ்ரவேல். அந்த உருவகத்தைக் கழற்றி ஒரு விவசாயியின் தோளில் போட்டால், கடவுளைக் கேள்வி கேட்க முடியாதது மாதிரி அவனையும் கேட்க முடியாமல் போய்விடுகிறது. அவள் காய்ச்சலில் கிடக்கும்போது தாலி கட்டினாலும் கருணை, வேண்டாம் என்றவளைத் தூக்கிவந்தாலும் பொறுமை. உங்களுக்கு உறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன். இது காதலா கொடுமையா என்பதற்கு நான் பார்க்கும் இடம் ஒன்றுதான். அவள் வேண்டாம் என்று சொல்லும்போது கதை அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்கிறதா, குணப்படுத்த வேண்டிய நோயாக எடுத்துக்கொள்கிறதா?

இந்த வகையில் தேறிய கதைகளில் அவன் ஒரு கட்டத்தில் தேடிப்போவதை நிறுத்துகிறான். அவள் தனியாகச் சில வருடம் வாழ்ந்து, வேலை செய்து, பிறகு தானாகத் திரும்பி வருகிறாள். உனக்கு நடந்தவை உன் மதிப்பைத் தீர்மானிப்பதில்லை என்ற அந்தக் கதைகளின் நம்பிக்கை உயிரோடு நடமாடுவது அந்த வருடங்களில்தான். அவற்றைத்தான் இரண்டு பக்கத்தில் சுருட்டிவிடுகிறார்கள். எனக்கு அந்த வருடங்கள் வேண்டும். எங்கே குடியிருந்தாள், என்ன சமைத்தாள், மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சியது, யார் வாடகை கேட்டுக் கதவைத் தட்டினார்கள், எத்தனை ராத்திரி பயந்துபோய்த் தாழ்ப்பாளைச் சரிபார்த்தாள். அதை எழுதினால் ஐந்நூறு பக்கமானாலும் ஒரு மூச்சில் படிப்பேன்.

உங்கள் அக்கா மகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள். அழுது முடித்ததும், சுருட்டப்பட்ட அந்த இரண்டு பக்கத்தை அவளையே விரித்து எழுதச் சொல்லுங்கள். எழுதினால் எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழிலேயே போடுகிறேன். விமர்சக நண்பரின் மறுப்புக்கு ஒதுக்கிய பக்கம் ரொம்ப நாளாகக் காலியாகத்தான் கிடக்கிறது.