எரிகிற அடுப்போடு வண்டியைத் தூக்கலாமா?

கேள்வி: என் அம்மா பேருந்து நிலையத்துக்கு எதிரே பல வருடங்களாகத் தள்ளுவண்டியில் வடை, பஜ்ஜி போடுகிறார். மாநகராட்சி கொடுத்த விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும் இருக்கின்றன. போன வாரம் சாயங்காலம், ஆக்கிரமிப்பு அகற்றுகிறோம் என்று லாரியோடு வந்தவர்கள், அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே வண்டியைத் தூக்கினார்கள். அம்மா விடாமல் பிடித்துக்கொண்டார். எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்ததில் அம்மாவின் காலும், வண்டியைத் தூக்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் கையும் வெந்துவிட்டன. வண்டி, சிலிண்டர், பாத்திரம் எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு தாள்கூடத் தரவில்லை. இப்போது, ஊழியரைத் தாக்கியதாக அம்மா மேல் வழக்கு வரும் என்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

பதில்: சட்டத்துக்கு முன்னால் காயத்தைப் பார்ப்போம். அம்மாவுக்குச் சிகிச்சை பார்த்தது அரசு மருத்துவமனை என்றால், அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதியிருப்பார்கள். அந்த ஏ.ஆர். காப்பியைக் கேட்டு வாங்குங்கள். எப்படிக் காயம் பட்டது என்ற வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று கவனமாகப் படியுங்கள். ‘எண்ணெய் தவறிக் கொட்டியது’ என்று மட்டும் இருந்தால், நடந்ததை விவரித்து மருத்துவமனைக்கு ஒரு மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். தனியார் மருத்துவமனை என்றால் டிஸ்சார்ஜ் சம்மரியும் பில்களும் பத்திரம். காயம்பட்டவர் 15 நாள் தன் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 116ஆவது பிரிவுப்படி அது கொடுங்காயம். எனவே அம்மா எத்தனை நாள் நடமாட முடியவில்லை என்பதை மருத்துவர் எழுத்தில் தர வேண்டும்.

அடுத்து, நீங்கள் பயப்படுகிற வழக்கு. இதில் அதே சன்ஹிதாவின் இரண்டு பிரிவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அரசு ஊழியரின் பணிக்கு இடையூறு செய்தால் 221ஆவது பிரிவு. மூன்று மாதம் வரை சிறை, ஜாமீனில் விடக்கூடியது. பணியைத் தடுப்பதற்காக ஊழியரைத் தாக்கினால் 132ஆவது பிரிவு. இரண்டு வருடம் வரை சிறை, எளிதில் ஜாமீன் கிடையாது. அம்மா வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றது வேறு, ஒருவரைத் தள்ளுவது வேறு. சட்டி கவிழ்ந்தது யாருடைய அசைவால் என்பதில்தான் மொத்த விஷயமும் நிற்கிறது. பேருந்து நிலையக் கேமரா, எதிர்க் கடையின் கேமரா, யாராவது செல்போனில் எடுத்த வீடியோ இருந்தால் இன்றைக்கே திரட்டுங்கள். கேமராப் பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்துவிடும். பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி நிலைய நிர்வாகத்துக்கும் ஸ்டேஷனுக்கும் எழுத்தில் கேளுங்கள். 132 போடுவார்கள் என்று தெரிந்தால் முன்ஜாமீன் மனுவைத் தயாராக வைத்திருக்கலாம். எப்படியும் சூரியன் மறைந்த பிறகு ஒரு பெண்ணைக் கைது செய்ய, விதிவிலக்கான சூழலும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும்.

இப்போது உங்கள் பக்கத்தின் பலத்துக்கு வருவோம். தெருவோர வியாபாரிகள் (வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் தெரு வியாபார ஒழுங்குமுறை) சட்டம், 2014 மே 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 18ஆவது பிரிவு, சான்றிதழ் வைத்திருப்பவரை இடம் மாற்றுவதானாலும், சான்றிதழே இல்லாதவரை அகற்றுவதானாலும், 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்தாக வேண்டும் என்கிறது. அந்தக் கெடு முடிந்தும் நகராதவரைத்தான் ஆள் வைத்து அகற்றலாம். பொருளைக் கைப்பற்றுவதும் அதற்குப் பிறகுதான். கைப்பற்றினால், 19ஆவது பிரிவுப்படி பொருட்களின் பட்டியல் எழுதி, அதிகாரி கையெழுத்திட்ட நகலை வியாபாரியிடம் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இரண்டுமே தரப்படவில்லை.

நீதிமன்றங்களில் இந்த 30 நாளைப் பலரும் வெறும் சடங்கு போலப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வடை போடும் எண்ணெய் 170, 180 டிகிரி சூட்டில் இருக்கும். அடுப்பை அணைத்த பிறகும் நெடுநேரம் ஆறாது. பக்கத்தில் சிலிண்டர், சுற்றிலும் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம். முன்னறிவிப்பு கொடுத்திருந்தால் அந்த நாளில் அடுப்பே எரிந்திருக்காது. இந்தக் காரணத்தை உங்கள் மனுவிலும் எழுதுங்கள். பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளையும்படி அஜாக்கிரதையாக நடப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆவது பிரிவின் கீழ் குற்றம். கொடுங்காயம் ஏற்பட்டால் மூன்று வருடம் வரை சிறை உண்டு. ஸ்டேஷனில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். எடுக்க மறுத்தால் எஸ்.பி. அல்லது போலீஸ் கமிஷனருக்குப் பதிவுத் தபால், அதன் பிறகு மாஜிஸ்திரேட்.

புகாரில் அந்த ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரை எதிரியாகச் சேர்க்காதீர்கள். கையுறைகூட இல்லாமல், தூக்கு என்று சொன்னதும் தூக்கியவர் அவர். அவர் கையும்தான் வெந்திருக்கிறது. ஒப்பந்ததாரரிடமும் மாநகராட்சியிடமும் இழப்பீடு கேட்க அவருக்கும் வழி உண்டு. தூக்கச் சொன்னது யார், அடுப்பு எரிகிறது என்று யாராவது சொன்னார்களா என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. முடிந்தால் போய்ப் பாருங்கள். ஆனால் ‘இப்படிச் சொல்லுங்கள்’ என்று எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

வண்டி விஷயம் சுலபம். ஆணையருக்கு எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். கோரிய நாளிலிருந்து இரண்டு வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். கெட்டுப்போகிற பொருளாக இருந்தால் அன்றைக்கே. பட்டியல் தரவில்லை என்பதால் என்னென்ன இருந்தன என்று நீங்களே எழுதிச் சேர்த்துவிடுங்கள். தராவிட்டால் குறைதீர்ப்புக் குழுவுக்கும் நகர விற்பனைக் குழுவுக்கும் மனு, அதுவும் பலிக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட்.

இழப்பீட்டில் நாள் கணக்கு முக்கியம். ஒரு சட்டத்தின் கீழ் செய்வதாகச் சொல்லிச் செய்த செயலால் வந்த நஷ்டத்துக்கு வழக்குப் போட, காலவரையறைச் சட்டம் ஒரு வருடம்தான் தருகிறது. ‘பேசித் தீர்த்துக்கொள்வோம்’ என்று யாராவது இழுத்தடித்தால் இதை மறந்துவிடாதீர்கள். வக்கீல் செலவுக்கும் யோசிக்க வேண்டாம்: பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள்.

ஒன்று மட்டும் நீங்கள் எழுதவில்லை: அது என்ன சிலிண்டர்? வீட்டு உபயோகச் சிலிண்டராக இருந்தால் எதிர்த்தரப்பு முதலில் பிடித்துக்கொள்ளப்போவது அதைத்தான். கடைக்கு அதைப் பயன்படுத்துவது விதிமீறல், இழப்பீட்டையும் குறைக்கலாம். அப்படியானால் வண்டி திரும்பி வந்ததும் வணிகச் சிலிண்டருக்கு மாறிவிடுங்கள். சான்றிதழில் குறித்திருக்கிற இடத்தையும் நேரத்தையும் ஒரு தடவை சரிபாருங்கள். அம்மா நின்ற இடம் அதிலிருந்து தள்ளியிருந்தாலும் முன்னறிவிப்பு இல்லாமல் அகற்றியது சரியாகிவிடாது, ஆனால் என்னிடம் வருகிறபோது அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மறுபடி லாரி வந்தால் அம்மா வண்டியைப் பிடிக்க வேண்டாம். அடுப்பை அணைத்து, சிலிண்டர் வால்வை மூடி, ‘எண்ணெய் கொதிக்கிறது, ஆறட்டும்’ என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நாலடி தள்ளி நிற்கட்டும். நோட்டீஸையும் பட்டியலையும் கேட்கட்டும். பக்கத்துக் கடைக்காரர் யாராவது அதை வீடியோ எடுக்கட்டும்.