மூவி மேக்கருக்கு அப்புறம் எதற்கு மாறுவது? – கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பத்து வருஷமாக வீடியோ எடிட் செய்ய விண்டோஸ் மூவி மேக்கர்தான். புது லேப்டாப்புக்குக் கூகுளில் தேடி அதே பெயரில் ஒன்றை இறக்கினேன். எல்லாம் முடித்துச் சேமிக்கப் போனால் பணம் கட்டச் சொல்கிறது.

பதில்: உடனே அதை நீக்கிவிடுங்கள். மூவி மேக்கர் 2000-இல் விண்டோஸ் மீ-யோடு வந்தது, கடைசிப் பதிப்பு 2012, மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரி 10-ஆம் தேதியோடு அதை நிறுத்திவிட்டது. கடைசிவரை இலவசமாகத்தான் இருந்தது, அதனால் அந்தப் பெயரில் பணம் கேட்டாலே அது அசல் இல்லை. கார்டு எண் கொடுத்திருந்தால் இன்றைக்கே வங்கியில் சொல்லி முடக்குங்கள். வெட்டி ஒட்டி, தலைப்பு போட்டு, பின்னால் ஒரு பாட்டு ஓடவிட்டால் போதும் என்றால், விண்டோஸ் 11-இலேயே கிளிப்சாம்ப் என்ற எடிட்டர் இருக்கிறது. லாகின் செய்ய வேண்டும், ஆனால் இலவசக் கணக்கிலேயே 1080பி (முழு ஹெச்டி) தரம் வரை, வாட்டர்மார்க் (வீடியோ மேல் விழும் நிறுவன முத்திரை) இல்லாமல் எடுக்கலாம். லாகின் வேண்டாம் என்றால் ஷாட்கட் என்ற இலவச எடிட்டர். முதல் இரண்டு நாள் கை பழகாது, பிறகு எஸ் அழுத்தினால் வெட்டும், எக்ஸ் அழுத்தினால் அந்தத் துண்டு போய் இடைவெளி மூடிக்கொள்ளும், பாதி வேலை இந்த இரண்டிலேயே முடிந்துவிடும்.

கேள்வி: பழைய மூவி மேக்கர் ப்ராஜெக்ட்டுகளை ஷாட்கட்டில் திறக்க முடியுமா?

பதில்: முடியாது. ப்ராஜெக்ட் கோப்புக்குள் வீடியோவே கிடையாது, எந்தக் கோப்பை எங்கிருந்து எதுவரை வெட்ட வேண்டும் என்ற குறிப்பு மட்டும்தான். பழைய கணினியில் மூவி மேக்கர் இன்னும் திறக்கிறது என்றால், அது உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொன்றையும் எம்பி4 ஆகச் சேமித்துவிடுங்கள். திறக்கவில்லையா, டபிள்யூஎல்எம்பி (.wlmp) என்று முடியும் அந்த ப்ராஜெக்ட் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். வீடியோக்கள் இருந்த ஃபோல்டர் பெயரும், ஒவ்வொரு துண்டும் எத்தனையாவது விநாடியில் தொடங்கி முடிகிறது என்பதும் எழுத்தாகவே இருக்கும். எங்கள் வீட்டுக் காதுகுத்து வீடியோவை அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து மறுபடி கோத்தேன். மூல வீடியோக்கள் பத்திரமாக இருந்ததால்தான் அது முடிந்தது.

கேள்வி: ஒரு ஆப்பில் தமிழில் தலைப்பு போட்டால் எழுத்து சிதறுகிறது, ஏன்?

பதில்: எந்த மென்பொருளையும் நிறுவியதும் நான் முதலில் அடித்துப் பார்க்கும் சொல் ‘கொடி’. ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வந்து நின்றால் நல்லது. பின்னால் போய் நின்றால் அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை, ஃபான்ட்டை மாற்றிப் பயனில்லை. அந்த ஆப்பை விட மனமில்லை என்றால் தலைப்பை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக்கி வீடியோ மேல் வையுங்கள். தப்பும் தவறுமாகத் தமிழ் ஓடும் வீடியோவைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது.

கேள்வி: செல்போனில் எடுத்த வீடியோவில் போகப் போக வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் போகிறது என்று அக்கா சொல்கிறாள், மென்பொருளை மாற்றணுமா?

பதில்: அதற்குமுன் வீடியோவின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் போட்டுப் பாருங்கள். ஃபிரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) ‘வேரியபிள்’, அதாவது மாறிக்கொண்டே இருப்பது, என்று காட்டினால் பெரும்பாலும் அதுதான் காரணம். வெளிச்சம் குறைந்தால் போன் ஃபிரேமைக் குறைத்துக்கொள்ளும், பல எடிட்டர்கள் அதில் தடுமாறும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றியில் அதை ‘கான்ஸ்டன்ட்’ (மாறாதது) என்று வைத்து ஒருமுறை மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள்.

கேள்வி: 4 ஜிபி ரேம்தான். டாவின்சி ரிசால்வ் இலவசம் என்கிறார்களே?

பதில்: இலவசம்தான், அருமையான மென்பொருள்தான், உங்கள் கணினி தாங்காது. ஷாட்கட்டில் ப்ராக்ஸியை (எடிட் செய்ய மட்டும் பயன்படும் தரம் குறைந்த நகல்) ஆன் செய்து, ப்ரிவ்யூவை 360பி-க்குக் குறையுங்கள். எடிட் செய்யும்போது படம் மங்கலாகத் தெரியும், கடைசியில் எக்ஸ்போர்ட் ஆவது மூல வீடியோவிலிருந்து முழுத் தரத்தில்தான்.

கேள்வி: நாளைக்கு ஷாட்கட்டும் நின்றுபோனால்?

பதில்: நிற்கலாம். நிரலே எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருள் என்பதால், வளர்ச்சி நின்றாலும் உங்களிடம் இருக்கும் பதிப்பு ஓடும். நிறுவும் கோப்பையும் ஒரு பிரதி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஃபோல்டர், அதற்குள் மூல வீடியோ, பாட்டு, ப்ராஜெக்ட் கோப்பு, முடிந்த எம்பி4. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.