மந்த காலத்தில் குடும்பக் கணக்கும் தொழில் கணக்கும்: கேள்வி பதில்

வேலை போகுமோ, ஆர்டர் நிற்குமோ, போட்ட பணம் கரையுமோ என்ற கவலையோடு வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. எவ்வளவு போகும், எவ்வளவு நாள் தாங்கும் என்று தொகை தெரியாதபோதுதான் பயம் பெரிதாகிறது. அதனால் முடிந்த இடத்தில் எல்லாம் ரூபாயிலேயே பேசுகிறேன்.

கேள்வி (சென்னை, ஐ.டி. ஊழியர்): சார், எங்க டீம்ல மூணு பேரை அனுப்பிட்டாங்க. எனக்கு இன்னும் எதுவும் சொல்லல. ராத்திரி தூக்கமே வரல. எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

ஒரு தாளில் இரண்டு தொகை எழுதுங்கள். ஒன்று, ஒரு வாரத்துக்குள் கைக்கு வரக்கூடிய பணம்: சேமிப்புக் கணக்கு, எஃப்.டி., லிக்விட் ஃபண்டு. நகை, பி.எஃப்., மனை, பங்கு இவற்றைச் சேர்க்காதீர்கள். இன்னொன்று, சம்பளம் நின்றாலும் நிற்காத மாதச் செலவு.

கையில் 2,70,000 ரூபாய், மாதச் செலவு 47,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்குக்கூட வராது. செலவை 38,000-க்கு இறக்கினால் ஏழு மாதம் வரும். வீட்டில் இன்னொருவருக்கு 18,000 சம்பளம் இருந்தால் துண்டு விழுவது மாதம் 20,000 மட்டும். அதே பணம் பதிமூன்று மாதம் தாண்டும். வேலை தேடப் பதிமூன்று மாதம் இருக்கிறது என்று தெரிந்தவர் முதலில் கிடைத்த குறைந்த சம்பளத்துக்குத் தலையாட்ட மாட்டார். நேர்காணலில் உட்காரும் விதமே மாறும்.

இந்தக் கணக்கு பெரும்பாலும் தவறுவது ஆண்டுச் செலவுகளில்தான். பள்ளிக் கட்டணம், பிரீமியம், வண்டி இன்ஷூரன்ஸ், தீபாவளி எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து மாதச் செலவில் சேருங்கள்.

அடுத்தது மருத்துவக் காப்பீடு. கம்பெனியின் குரூப் பாலிசி பொதுவாக வேலையின் கடைசி நாளோடு முடிந்துவிடும். அதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்திடம் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பியுங்கள். குரூப்பில் கழித்த காத்திருப்புக் காலம் (ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பு தொடங்கும்வரை காத்திருக்க வேண்டிய காலம்) கணக்கில் வரும். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஐந்து வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி உண்டு: கடைசி மாத ஊதியம் (பொதுவாக அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும்) × 15/26 × வருடங்கள். 40,000 ரூபாய்க்கு ஏழு வருடம் என்றால் சுமார் 1,61,500. ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொன்னால் அந்த நிமிடமே கையெழுத்துப் போடாதீர்கள். என்னென்ன பணம், எந்தத் தேதிக்கு வரும் என்று மின்னஞ்சலில் வாங்கிவிட்டுப் போடுங்கள்.

கேள்வி (திருப்பூர், கம்பெனிகளுக்குக் கூலிக்கு ஆடை தைக்கும் பவர் டேபிள் யூனிட்): அண்ணா, 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50% வரி போட்டதுல இருந்தே ஆர்டர் ஏற்ற இறக்கமா இருக்குதுங்க. பீஸுக்கு 12 ரூபா வாங்குனதை 10.50-க்கு தைக்கச் சொல்றாங்க. ஒத்துக்கலாமுங்களா?

பீஸ் கணக்கைப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். டெய்லர் கூலி 7.50, நூலும் கரண்டும் 1 ரூபாய் என்றால் 12 ரூபாயில் உங்களுக்கு நிற்பது 3.50. வாடகை 18,000, மெஷின் தவணை 32,000, சூப்பர்வைசர் 20,000, ஆக மாதம் 70,000 நிலையான செலவு. அதை எடுக்க 20,000 பீஸ் போதும். ரேட் 10.50 ஆனால் நிற்பது 2 ரூபாய்; அதே 70,000-க்கு 35,000 பீஸ் தைக்க வேண்டும். ரேட் எட்டில் ஒரு பங்கு இறங்க, வேலை முக்கால் பங்கு கூடுகிறது. உங்கள் மெஷின்களால் மாதம் 35,000 தைக்க முடியாது என்றால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம்.

மெஷின் சும்மா நிற்கிறது என்றால் 10.50-க்குத் தைப்பதும் சரிதான், பீஸுக்கு 2 ரூபாய் வாடகைக்கு ஆகும். ஆனால் ‘இந்த ஆர்டருக்கு மட்டும்’ என்று டெலிவரி சலானிலும் பில்லிலும் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் சீசன் திரும்பிய பிறகும் அதுதான் ரேட் என்பார்கள். 8.50-க்குக் கீழே போனால் தைக்கிற ஒவ்வொரு பீஸும் நஷ்டம். கம்பெனி உறவுக்காகக்கூட அதைச் செய்யாதீர்கள்.

இதைவிட ஆபத்து, பணம் இழுப்பது. யூனிட்டை உத்யமில் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவு செய்யாமல் இருந்தால் இன்றே செய்யுங்கள், கட்டணம் இல்லை. எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாக. பாக்கிக்கான அரசு எம்.எஸ்.எம்.இ. இணையதளத்தில் வழக்குப் போடலாம். போட்டால் அந்தப் பார்ட்டியின் வேலை அநேகமாகப் போய்விடும் என்பதால் அதைக் கடைசியில் வைத்துக்கொண்டு, முதலில் பாக்கித் தொகையை உறுதி செய்து கடிதம் வாங்குங்கள். மார்ச்சுக்கு முன் அவர்களுடைய ஆடிட்டருக்கும் ஒரு நினைவூட்டல் போகட்டும். கெடு தாண்டிய பாக்கியை அவர்கள் அந்த வருடச் செலவாக வருமான வரியில் கழிக்க முடியாது. சட்ட மிரட்டலைவிட இது வேகமாக வேலை செய்யும்.

கேள்வி: ரெப்போ வட்டி குறைஞ்சதா சொல்றாங்க. என் வீட்டுக் கடன் இ.எம்.ஐ. மட்டும் அப்படியே இருக்கே?

2025-இல் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) 6.50-இலிருந்து 5.25 சதவீதத்துக்கு இறங்கியது. பல வங்கிகள் தவணைத் தொகையைத் தொடாமல் மாதங்களைக் குறைத்துவிடும். நல்ல காலத்தில் அது உங்களுக்கு லாபம். இப்போது கையில் காசு முக்கியம், எனவே ‘இ.எம்.ஐ.யைக் குறையுங்கள், காலத்தை அல்ல’ என்று எழுதிக் கொடுங்கள். 25 லட்சம் பாக்கி, 20 வருடம் என்றால் 8.5 சதவீதத்தில் 21,696, 7.5 சதவீதத்தில் 20,140. பழைய எம்.சி.எல்.ஆர். கடன் (வங்கி தன் செலவை வைத்து வட்டி போடும் கடன்) என்றால் ரெப்போவோடு இணைந்த கடனாக மாற்றக் கேளுங்கள், கட்டணம் சிறியதுதான்.

கேள்வி (மதுரை): மியூச்சுவல் ஃபண்டு எஸ்.ஐ.பி.-ல மாசாமாசம் போட்டது எல்லாம் சிவப்பா தெரியுது. நிறுத்திடட்டுமா?

அந்தப் பணம் எப்போது வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. மூன்று வருடத்துக்குள் கல்லூரிக் கட்டணத்துக்கு வேண்டிய பணம் பங்கில் இருக்கவே கூடாது. நஷ்டமானாலும் அதைப் படிப்படியாக வெளியே எடுங்கள்.

பத்து வருடப் பணத்துக்குப் பழைய வரலாறு உதவும். 2008 ஜனவரியில் 21,000 தாண்டிய சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,160-க்கு வந்தது, 2010 நவம்பரில் மீண்டும் 21,000-ஐத் தொட்டது. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் சரிந்து 26,000-க்குக் கீழே போனது, அந்த நவம்பரிலேயே பழைய உச்சத்தைத் தாண்டியது. ஆனால் எல்லாச் சந்தையும் இப்படி எழும் என்று நான் சொல்ல மாட்டேன். ஜப்பானின் பங்குக் குறியீடான நிக்கேய் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தைத் தாண்ட 2024 பிப்ரவரி ஆனது. வேலையும் பங்கும் ஒன்றாகப் போகும் நிலை வராதபடி வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும் கம்பெனியின் பங்கையே நிறைய வைத்திருந்தால் அதை முதலில் குறையுங்கள்.

வேலை ஆட்டம் கண்டிருந்தால் எஸ்.ஐ.பி.யை ஆறு மாதம் நிறுத்தி அந்தப் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் சேர்ப்பதில் தவறில்லை. சேர்த்த யூனிட்டை விற்காமல் இருந்தால் போதும்.

கேள்வி: அப்பாவோட ஓய்வுப் பணம் 18 லட்சமும் ஒரே கூட்டுறவு வங்கியில இருக்கு. பாதுகாப்பா?

டெபாசிட் இன்ஷூரன்ஸ் ஒருவருக்கு ஒரு வங்கியில், எல்லாக் கிளையும் சேர்த்து, வட்டியோடு 5 லட்சம் வரைதான். நான்கு வங்கிகளில் பிரித்து, வட்டி சேர்ந்தாலும் 5 லட்சம் தாண்டாதபடி ஒவ்வொன்றிலும் 4.5 லட்சம் போடலாம். கூட்டுறவு வங்கிக்கு இந்தக் காப்பு உண்டு. ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குக் கிடையாது. இரண்டும் பெயரில் ஒன்றுபோல் இருக்கும், பாஸ்புக்கைப் பாருங்கள். சீட்டுக்கும் நிதி நிறுவன டெபாசிட்டுக்கும் இந்தக் காப்பு இல்லை.

கேள்வி: காலைல இருந்து ராத்திரி வரைக்கும் பொருளாதாரச் செய்தி பார்த்தே மனசு உடைஞ்சு போகுது சார்.

ஏப்ரல்–ஜூன் ஜி.டி.பி. எண் ஆகஸ்ட் கடைசியில்தான் வரும். அதைப் பார்த்து இன்று நீங்கள் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. உங்களுக்குப் பயன்படும் அறிகுறிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. சம்பளத் தேதி தள்ளுகிறதா, போன மாத பி.எஃப். பாஸ்புக்கில் ஏறியிருக்கிறதா (கம்பெனி மறுமாதம் 15-க்குள் கட்ட வேண்டும்), ஓவர்டைம் நின்றதா, சப்ளையர்கள் ரிசப்ஷனில் காத்திருக்கிறார்களா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். தூக்கமின்மை இரண்டு வாரம் தாண்டினால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற இலவச அரசு சேவை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

கேள்வி (தஞ்சாவூர்): அவசரத்துக்கு 3 லட்சம் வேணும். நகையை வைக்கிறதா, ஆப்ல கடன் வாங்குறதா?

நகை. பல ஆப் கடன்களில் உண்மையான வட்டி தெரியாது, வசூலும் மோசம். நகையிலும் இடம் முக்கியம். 9.5 சதவீதத்துக்கு வங்கியில் வைத்தால் வருடம் 28,500; அடகுக்கடையில் ரெண்டு வட்டிக்கு 72,000. வங்கியில் மாதா மாதம் 2,375 வட்டியைக் கட்டிவிட்டால் வருடக் கடைசியில் மூச்சு முட்டாது. ஏலத்துக்கு வந்தால் முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும், கடன் போக மிஞ்சியதை உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும்.

மொத்த நகையையும் ஒரே கடனாக வைக்காதீர்கள். ஒரு லட்சம் வீதம் மூன்று கடனாக வையுங்கள். பணம் வரும்போது ஒவ்வொன்றாக மீட்கலாம், தாலிக்கொடி முதல் கடனிலேயே திரும்பிவிடும்படி பிரிக்கலாம். ரசீதில் கிராம், கல் கழிவு, வட்டி, கெடு முடியும் தேதி நான்கும் இருக்கிறதா என்று கவுன்ட்டரிலேயே பார்த்துவிட்டு வாருங்கள்.