சரியும் கூரையும் முழுச் சார்ஜும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): டாடா கர்வ் மின்சாரக் காரை வாங்க எண்ணியிருக்கிறோம். பின்பக்கம் கூரை சரிந்து இறங்கும் இந்தக் கூபே வடிவத்தால் உண்மையில் பயன் உண்டா, அல்லது வெறும் அழகுதானா? என் பெற்றோர் பின்னிருக்கையில்தான் அமர்வார்கள்.

பதில்: பயன் உண்டு, விளம்பரங்களைப் பார்த்து நாம் எண்ணிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, காற்று சுழலத் தொடங்கும். அந்தச் சுழல் வண்டியைப் பின்னோக்கி இழுக்கும். கூரை மெல்லச் சரிந்தால் காற்று அதை ஒட்டியே நகர்வதால் சுழல் சிறுத்துவிடுகிறது. எஞ்சின் வண்டியில் எரிபொருளின் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாவதால் இந்தச் சிக்கனம் கண்ணுக்குத் தெரியாது. வீணடிப்பு குறைவான மின்சார வண்டியில் காற்றுத் தடை செலவின் பெரும்பங்காகிவிடுவதால், சிறு குறைப்புக்கும் அங்கே மதிப்பு உண்டு. ஆனால் எவ்வளவு மதிப்பு? ஆடி நிறுவனம் தன் இ-ட்ரான் காரை நேர்க்கூரையிலும், ஸ்போர்ட்பேக் என்ற பெயரில் சரிந்த கூரையிலும் தயாரித்தது. காற்றுத் தடை எண் 0.27-லிருந்து 0.25-ஆகக் குறைந்தது; அதனால் ஒரு முழுச் சார்ஜில் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 10 கிலோமீட்டர் என்று அந்நிறுவனமே சொன்னது. 2008-ல் பிஎம்டபிள்யூ எக்ஸ்6 இந்த மோகத்தைப் பரப்பியபோது அது எஞ்சின் வண்டிதான் என்பதையும், கர்வ் காரின் இதே உடல் பெட்ரோலிலும் டீசலிலும் விற்கப்படுகிறது என்பதையும் பார்த்தால், முதலில் வந்தது தோற்றம் என்பது தெளிவு.

உங்கள் பெற்றோரைப் பொறுத்தவரை கூரையை மட்டும் பார்ப்பது போதாது. பேட்டரி தரைக்கு அடியில் பரப்பப்பட்டிருப்பதால் வண்டிக்குள் தரை உயர்ந்துவிடுகிறது; மேலே கூரையோ இறங்கி வருகிறது; இரண்டுக்கும் நடுவில் இருக்கையை வேண்டிய உயரத்துக்கு ஏற்ற இடமில்லை. விளைவாக முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு, தொடைக்கு அடியில் தாங்கல் இல்லாமல் போகிறது. ஷோரூமில் பெற்றோரைப் பின்னால் உட்காரவைத்து, தலைக்கும் கூரைக்கும் உள்ள இடைவெளியோடு, தொடை இருக்கையில் படிகிறதா என்பதையும் பாருங்கள். ஒரு நிமிடம் போதாது, கால் மணி நேரமாவது உட்காரட்டும். ஏறி இறங்கும்போது எவ்வளவு குனிய வேண்டியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். முதுகுவலி உள்ளவர்கள் என்றால் நான் நேர்க்கூரை வண்டியையே சொல்வேன்.

கேள்வி (கோவை வாசகர்): கர்வ் மின்சாரக் காரின் 55 கிலோவாட் மணி பேட்டரி ஒரு முழுச் சார்ஜில் 585 கிலோமீட்டர் ஓடும் என்கிறார்கள். அதே காரை வைத்திருக்கும் நண்பருக்கு 400-ஐத் தாண்டுவதே பெரும்பாடாக இருக்கிறது. பேட்டரியில் குறையா?

பதில்: குறை எதுவும் இல்லை. 585 என்பது சான்றிதழுக்காகச் சோதனைக்கூடத்தில் அளக்கப்படும் எண். நடைமுறையில் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கிடைக்கக்கூடியது 400 முதல் 425 வரை என்று டாடாவே தனியாக அறிவித்திருக்கிறது. 45 கிலோவாட் மணி பேட்டரிக்கு அது 330 முதல் 350. இந்த நடைமுறை எண்ணை வைத்துத்தான் பயணத்தைத் திட்டமிட வேண்டும். நெடுஞ்சாலையில் அதற்கும் கீழே இறங்கலாம்; ஏனெனில் காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது, 80-லிருந்து 100-க்குப் போனாலே அது பாதிக்கு மேல் கூடிவிடும். ஆகவே கோவையிலிருந்து சென்னைக்கு வழியில் ஒரு முறை சார்ஜ் போட்டே ஆக வேண்டும். 70 கிலோவாட் சார்ஜர் கிடைத்தால் 10 சதவீதத்திலிருந்து 80-க்கு 40 நிமிடம். 30 கிலோவாட்தான் கிடைத்தது என்றால் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். நிறுத்தப்போகும் இடத்தில் எது இருக்கிறது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே செயலியில் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி (விழுப்புரம் வாசகர்): கர்வ் மின்சாரக் காரா, மஹிந்திரா எக்ஸ்இவி 9இ காரா?

பதில்: இரண்டும் கூபே என்றாலும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல. 2024 ஆகஸ்டில் கர்வ் 17.49 லட்சத்திலும், நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திரா 21.90 லட்சத்திலும் தொடங்கின. நீளம் முறையே 4,310, 4,789 மில்லிமீட்டர். வேறுபாட்டை பானட்டைத் திறந்தாலே காணலாம். எஞ்சின் வண்டியோடு உடலைப் பகிரும் கர்வ் காரில் மோட்டார் முன்னால் உட்கார்ந்திருப்பதால், அங்கே சுமார் 11.6 லிட்டர் அளவில் ஒரு சிறு பெட்டிதான். மின்சாரத்துக்கென்றே வடிக்கப்பட்டு, பின்சக்கரங்களை மோட்டார் இயக்கும் மஹிந்திராவில் 150 லிட்டர். பின் டிக்கி கர்வில் 500, மற்றதில் 663 லிட்டர். தெரு குறுகலானது, ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள் என்றால் கர்வ் போதும். குடும்பத்தோடு அடிக்கடி நெடுந்தூரம் போவீர்கள் என்றால், பணம் இடம் கொடுக்கும் பட்சத்தில், மஹிந்திரா.

கேள்வி (தஞ்சை வாசகர்): உடலோடு பதிந்த கதவுக் கைப்பிடி, சைகையில் திறக்கும் டிக்கி, காரிலிருந்தே வெளியே மின்சாரம் எடுக்கும் வசதி: இவற்றில் எதற்குக் கூடுதலாகச் செலவழிக்கலாம்?

பதில்: கடைசியாகச் சொன்னதற்கு. மின் கட்டண அட்டையில் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணிதான்; ஆக, 55 கிலோவாட் மணி பேட்டரி நிரம்பி நிற்கையில் ஏறத்தாழ 55 யூனிட் உங்கள் வாசலில் நிற்கிறது. புயல் நாளில் மின்விசிறி, விளக்கு, மடிக்கணினிக்கு அது தாராளம். பதிந்த கைப்பிடியில் ஒரு முனையை அழுத்தி மறுமுனையைப் பிடித்து இழுக்க வேண்டும். கையில் காய்கறிப் பையோடு நிற்பவருக்கு அது தொல்லைதான். ஆனால் அது வண்டியோடு வருவது, வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. சைகை டிக்கி உயர்ரக மாடல்களில் மட்டும் கிடைப்பது. அதற்காகவே மேல் மாடலுக்குப் போக வேண்டியதில்லை.